ஒரு தோள்பட்டைக்கு 24 கோடி டாலர்!

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் நகரத்தில் அந்த வருஷ ஃபுட்பால் சீசனில் டல்லஸ் கௌபாய்ஸ் டீமுக்கு முதல் ஆட்டம். எதிரி, உள்ளூர் பிரவுன்ஸ். ஆட்டம் ஆரம்பிக்கச் சில மணி நேரமே இருக்கும்போது ஒரு செய்தி வருகிறது. டல்லஸ் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்குப் புது ஒப்பந்தம். 4 வருஷம், 24 கோடி டாலர். அதாவது வருஷத்துக்கு 6 கோடி. அதில் 23.1 கோடிக்கு ஏதோ ஒரு வகையில் உத்தரவாதம். அந்த லீக்கின் சரித்திரத்தில் அதுவரை யாருமே தொடாத சம்பளம்.

சரி, எதிர் டீமின் குவார்ட்டர்பேக் யார் என்று பார்த்தால், அவர் டிஷான் வாட்ஸன். 2022-ல் 5 வருஷத்துக்கு 23 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். கடைசி டாலர் வரை முழு உத்தரவாதம். வெயிலோ மழையோ, ஆடினாலோ ஆடாவிட்டாலோ பணம் வந்துவிடும்.

ஆக, ஒரே மைதானத்தில், இரண்டே இரண்டு ஆசாமிகள், 47 கோடி டாலர்! மீதி இருந்தவர்களெல்லாம் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? இந்த இரண்டு பேருக்காக முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும் கீழே விழுந்துகொண்டும் இருந்தார்கள். டல்லஸ் 33-17 என்று ஜெயித்தது. டல்லஸ்காரர்கள், 'பார்த்தாயா, கொடுத்த காசுக்கு ஆடிவிட்டான்!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காலர் ரொம்ப நாள் நிற்கவில்லை. நவம்பர் 3-ம் தேதி அட்லாண்டா டீமோடு ஆடும்போது பிரெஸ்காட்டின் தொடைத் தசை எலும்பிலிருந்து பிய்த்துக்கொண்டது. ஆபரேஷன். சீசன் காலி. ஒப்பந்தம் போட்ட வருஷத்தில் அவர் ஆடியது 8 ஆட்டம். டல்லஸ் 7 ஜெயித்து, 10 தோற்று, மூட்டை கட்டியது.

உடனே பழைய கேள்வி மறுபடி கிளம்பிவிட்டது. ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா, கூடாதா?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரு தீர்ப்பு இருக்கிறது. நாமும் ஒன்று சொல்லி வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

* * *

முதலில், குவார்ட்டர்பேக் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். கையால் பிடித்து, கையால் எறிந்து, கையால் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பேர் வைத்தவர்களிடம் கணக்கு வழக்கு மட்டும் ஒழுங்காக இருக்குமா என்று நீங்கள் சந்தேகப்பட்டால், அது நியாயமான சந்தேகமே.

பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு முறையும் நடுவில் குனிந்து நிற்கிற ஒரு ஆள், பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளுவார். அதை வாங்குகிறவர்தான் குவார்ட்டர்பேக். வாங்கின நிமிஷத்திலிருந்து - நிமிஷம் எங்கே, இரண்டரை மூன்று விநாடி - எதிரிகள் நாலைந்து பேர் அவரை நசுக்கிவிடும் நோக்கத்தோடு பாய்ந்து வருவார்கள். அதற்குள் தன் ஆட்கள் எங்கே ஓடுகிறார்கள், எதிரி எங்கே ஏமாற்றுகிறான், எவனிடம் எறிந்தால் தேறும் என்று பார்த்து, முப்பது நாற்பது கஜத்துக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறவனின் கையில் பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவரைச் சுற்றி அரண் போல நிற்கிற ஐந்து பேருக்கு லைன்மேன் என்று பேர். ஆளுக்குச் சுமார் 140 கிலோ. அவர்களில் ஒருவர் வழுக்கினால் நம்ம ஆள் ஆஸ்பத்திரியில்.

கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் மாதிரி என்று வையுங்கள். மாப்பிள்ளை தாமதமாக வந்தால் சமாளிக்கலாம்; நாதஸ்வரக்காரர் கோபித்துக்கொண்டாலும் சமாளிக்கலாம். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டால்? அதுதான் குவார்ட்டர்பேக்.

ஆகவே அவருக்கு ஜாஸ்தி சம்பளம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எவ்வளவு ஜாஸ்தி என்பதில்தான்.

* * *

பி.காம். படித்தால் என்றைக்காவது உதவும் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். இத்தனை வருஷம் கழித்து அமெரிக்க ஃபுட்பால் சம்பளத்தைப் புரிந்துகொள்ள உதவியிருக்கிறது. உள்ளூரில் உதவினால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். அந்த லீக்கில் 32 டீம்கள். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் ஆட்டக்காரர்களுக்கு இஷ்டத்துக்கு அள்ளிவிட முடியாது. 'ஸாலரி கேப்' என்று ஒரு உச்சவரம்பு. 1994-ல் ஆரம்பித்தபோது டீமுக்கு 3.46 கோடி டாலர். 2024-ல் 25.54 கோடி. 2025-ல் 27.92 கோடி. இதற்குள்தான் 53 பேர் கொண்ட குடும்பத்தை நடத்தியாக வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமத்தை முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை. குவார்ட்டர்பேக் அதிகச் சம்பளம் கேட்டால் முதலாளியின் பாக்கெட் காலியாகும் என்று நினைக்கிறோம். அதான் இல்லை! முதலாளி எப்படியும் அந்த வரம்பை ஒட்டித்தான் செலவு செய்யப் போகிறார். ஒருவர் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தால், அது சக ஆட்டக்காரர்களின் தட்டிலிருந்து வந்தது. பெரிய சண்டை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடப்பது மாதிரி தெரியும். கையைக் கடிப்பது என்னவோ பக்கத்து நாற்காலிக்காரரைத்தான்.

2024-ல் புதிதாகச் சேருகிற ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சத்து 95 ஆயிரம் டாலர். பிரெஸ்காட்டின் ஒரு வருஷச் சராசரிச் சம்பளத்தில் அப்படிப்பட்டவர்கள் 75 பேரை வைத்துக்கொள்ளலாம். டீமில் இடம் இருப்பதே 53 பேருக்குத்தான் என்பதால் யாரும் முயற்சி செய்து பார்க்கவில்லை.

முதலாளியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? ஜெர்ரி ஜோன்ஸ் 1989-ல் டல்லஸ் டீமை மொத்தமாகச் சுமார் 14 கோடி டாலருக்கு வாங்கினார். பேர், ஆட்டக்காரர்கள், கொடி, கோஷம் எல்லாம் சேர்த்து. 35 வருஷம் கழித்து அந்த டீமின் ஒரே ஒரு ஊழியருக்கு உத்தரவாதமாகத் தருவது 23 கோடி. ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட வேண்டாம். 2024-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அந்த டீமுக்குப் போட்ட மதிப்பு 1,010 கோடி டாலர்!

* * *

இனி கணக்கு மாயாஜாலம். ஒருவருக்கு 5 கோடி டாலரைக் கையெழுத்து போனஸாக இன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு கோடியாக ஐந்து வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம். எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் இதற்கு ஒரு நீளமான பேர் வைத்திருந்தார். சுருக்கமாக, இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குக் கணக்கு எழுதுவது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் சும்மா இரண்டு வருஷத்தைக் காகிதத்தில் ஒட்டவைத்து அந்த வருஷங்களின் தலையிலும் செலவைக் கட்டலாம். ஆட்டக்காரர் இருக்க மாட்டார். அவர் செலவு மட்டும் உட்கார்ந்திருக்கும்.

நடுவில் ஆளை அனுப்பிவிட்டால்? எழுதாமல் தள்ளிப்போட்ட மிச்சமெல்லாம் திபுதிபுவென்று ஓடி வந்து தலையில் இறங்கும். அதற்கு 'டெட் மணி' என்று பேர். செத்த பணம்.

டென்வர் டீமைக் கேளுங்கள், சொல்வார்கள். 2022-ல் ரஸ்ஸல் வில்ஸன் என்ற குவார்ட்டர்பேக்கை ஆட்களையும் வருங்கால வாய்ப்புகளையும் வாரிக் கொடுத்து அழைத்து வந்தார்கள். அவர் அந்த டீமுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 5 வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டு சீசன் ஓடியது. 2024 மார்ச்சில் 'போய் வாருங்கள்' என்று வழியனுப்பினார்கள். செத்த பணம் 8.5 கோடி டாலர்! வில்ஸன் நேராகப் பிட்ஸ்பர்க் போய் அனுபவஸ்தருக்கான குறைந்தபட்சச் சம்பளமான 12 லட்சத்துச் சொச்சத்துக்குச் சேர்ந்தார். மீதிப் பணத்தை டென்வர் தருகிறபோது அவருக்கென்ன கவலை?

இதே வில்ஸன் சியாட்டிலில் சின்னப் பையனாக வருஷத்துக்கு 5 லட்சத்துச் சொச்ச டாலர் வாங்கிக்கொண்டிருந்தபோது, 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்துக் கொடுத்தார். யாரை எதிர்த்து? இதே டென்வரை. 43-8 என்று! விதிக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு ஸார்.

* * *

'அப்படியானால் சின்னப் பையன்களை வைத்தே ஜெயிக்கலாமே, எதற்குக் கோடி கோடியாகக் கொட்டுவது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ அதைத்தான் செய்தது. ப்ராக் பர்டி என்று ஒரு பையன். 2022-ல் டீம்கள் புது ஆட்களைப் பொறுக்கியபோது 262-வது ஆளாக, அதாவது கடைசிக்குக் கடைசியாக எடுக்கப்பட்டவர். 2023-ல் அவர் சம்பளம் 8 லட்சத்து 70 ஆயிரம். சக ஆட்டக்காரர் ஒருவரோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்தார். அவருக்குப் போக மிச்சமான கோடிகளில் சுற்றிலும் சூரர்களை நிறுத்தி, 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வரை போனார்கள். கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்றார்கள்.

ஆனால் சின்னப் பையன் எத்தனை நாள் சின்னப் பையனாகவே இருப்பான்? 2025 மே மாதம் பர்டி 5 வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் வாங்கினார். அந்த பில் வரப்போகிறது என்று தெரிந்தே - வேறு காரணங்களும் உண்டு - அதற்கு இரண்டு மாதம் முன்னால் டீபோ ஸாமுவேல், ஹுஃபாங்கா, க்ரீன்லா, வார்ட் என்று பெரிய தலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. நான் சொன்ன பக்கத்து நாற்காலிக்காரர்கள் இவர்கள்தான்.

கொடுக்கக்கூடாது கட்சிக்காரர்கள் ஒரு புள்ளிவிவரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். உச்சவரம்பு வந்த முதல் வருஷமான 1994-ல் ஸ்டீவ் யங் தன் டீமின் வரம்பில் சுமார் 13 சதவீதம் எடுத்துக்கொண்டு கோப்பையை ஜெயித்தார். அதற்கப்புறம் அவரைவிட அதிகப் பங்கு எடுத்துக்கொண்டு ஜெயித்த குவார்ட்டர்பேக் பல வருஷத்துக்குக் கிடையாது. 2022 சீசனில்தான் கான்ஸஸ் ஸிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸ் சுமார் 17 சதவீதத்தோடு ஜெயித்து அந்த வாயை அடைத்தார். அடைத்தார் என்றா சொன்னேன்? 'அது மஹோம்ஸ் ஸார், விதிவிலக்கு' என்று அதையும் சமாளித்துவிட்டார்கள்.

டாம் பிரேடி மாதிரி குறைத்து வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பிரேடி பல வருஷம் மார்க்கெட் விலைக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார். 7 சூப்பர் பௌல் ஜெயித்தார். உண்மைதான். ஆனால் அந்த வருஷங்களில் பெரும்பாலும் அவர் மனைவி, உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த மாடல்களில் ஒருவர். அந்த வசதி எல்லா வீட்டிலும் இருக்கிறதா என்பதை நீங்களே திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள்.

* * *

சரி, கொடுக்கவே மாட்டேன் என்று இருந்தால்? அதற்கும் க்ளீவ்லாண்ட்தான் உதாரணம். 1999-ல் அந்த டீம் மறுபிறவி எடுத்ததிலிருந்து குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் 40 பேருக்கு மேல்! வாடகை வீட்டுக்குக் குடித்தனம் வருவது போல வந்தார்கள், போனார்கள். அலுத்துப் போய்த்தான் 2022-ல் வாட்ஸனுக்கு அந்த 23 கோடி. கூடவே ஹூஸ்டன் டீமுக்கு மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைத் தாரை வார்த்தார்கள். லீக் அவருக்கு ஒழுங்கு நடவடிக்கையாக 11 ஆட்டம் தடை போட்டது. அப்புறம் தோள், அப்புறம் குதிகால். 2022, 2023, 2024 மூன்று சீசனிலும் சேர்த்து அவர் ஆடியது 19 ஆட்டம்.

பசியோடு சந்தைக்குப் போகாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். 23 வருஷப் பசியோடு போனால் இப்படித்தான்.

டல்லஸில் குப்பை கொட்டுகிற என் மச்சானைப் போனில் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டேன்.

"மாப்ளே, அந்த வயித்தெரிச்சலைக் கிளப்பாதே" என்றார். "பிளே-ஆஃப்ல இதுவரைக்கும் 2 ஜெயிச்சு 5 தோத்திருக்கான். இந்த டீம் கடைசியா சூப்பர் பௌல் ஜெயிச்சது 1996 ஜனவரி. அப்ப எனக்குத் தலை நிறைய முடி. ஆறு கோடியாம், ஆறு கோடி!"

"2023 சீசன்ல லீக்லயே அதிகமா 36 டச்டவுன் எறிஞ்சது அவர்தானே மச்சான்?"

"அதெல்லாம் ஜனவரிக்கு முன்னாடி மாப்ளே. ஜனவரி வந்தா குளிர்ல கை விறைச்சிடும் போல."

போனை அக்கா வாங்கினாள். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது. "இவர் இப்படித்தான், வருஷம் பூரா கத்தறார். சரிங்க, அந்தப் பையனை அனுப்பிட்டா அப்புறம் யாரை வெச்சு ஆடுவீங்கன்னு கேட்டா, பதில் சொல்லாம எழுந்து போயிடறார். நீயாவது கேட்டுச் சொல்லு."

எம்.பி.ஏ. படித்தவர்கள் 'மாற்று வாய்ப்பின் விலை' என்று முப்பது பக்கம் எழுதுகிற சமாச்சாரத்தை அக்கா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

* * *

இந்த வழக்கில் என் தீர்ப்புக்கு மூன்று சாட்சிகள் போதும். மூன்று பேரும் 2016-ல் ஒரே சமயத்தில் லீக்குக்குள் வந்தவர்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் லாஸ் ஏஞ்சலஸின் ஜேரட் கோஃப். இரண்டாவது, ஃபிலடெல்ஃபியாவின் கார்ஸன் வென்ட்ஸ். மூன்றாமவர், 135-வது ஆளாக எடுக்கப்பட்ட பிரெஸ்காட்.

2019-ல் வென்ட்ஸுக்கு 4 வருஷத்துக்கு 12.8 கோடி டாலர். கோஃபுக்கு 13.4 கோடி. இரண்டு ஒப்பந்தமும் 2021-ல் குப்பைக் கூடைக்குப் போயின. லாஸ் ஏஞ்சலஸ், கோஃபோடு வருங்கால வாய்ப்புகளையும் சீர்வரிசை மாதிரி சேர்த்து டெட்ராய்ட்டுக்கு அனுப்பி, பதிலுக்கு மாத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே சூப்பர் பௌல் ஜெயித்தது. துரத்தப்பட்ட கோஃப் டெட்ராய்ட்டில் தலையெடுத்து, 2024-ல் 4 வருஷத்துக்கு 21.2 கோடி வாங்கினார். அதே ஆள், அதே கை. ஒரு ஊரில் பாரம். இன்னொரு ஊரில் பொக்கிஷம்!

ஃபிலடெல்ஃபியா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வென்ட்ஸை அனுப்பினால் செத்த பணம் 3.38 கோடி டாலர் என்று தெரியும். அதுவரை யாரும் அவ்வளவு சுமந்ததில்லை. போன பணத்தை நினைத்துப் போகிற பணத்தையும் விடக்கூடாது என்பது காமர்ஸ் மாணவனுக்கு முதல் வருஷப் பாடம். நஷ்டத்தை எழுதிவிட்டு நகர்ந்தார்கள். இரண்டாம் சுற்றில் எடுத்து வைத்திருந்த ஜேலன் ஹர்ட்ஸை ஆடவிட்டார்கள். அவர் தேறுகிறார் என்று தெரிந்ததும் 2023 ஏப்ரலில், அந்தக் கோடையில் வரிசையில் நின்ற மற்ற பெரிய பையன்களுக்கெல்லாம் முன்பாக, 5 வருஷத்துக்கு 25.5 கோடி. 2025 பிப்ரவரியில் அவர்கள் கோப்பையைத் தூக்கியது அவரை வைத்துத்தான். மஹோம்ஸின் டீமை 40-22 என்று சாத்தி!

இப்போது டல்லஸைப் பாருங்கள். முதல் நாலு வருஷத்தில் பிரெஸ்காட் மொத்தமாக வாங்கியது சுமார் 40 லட்சம் டாலர். முதல் வருஷமே டீமுக்கு 13 வெற்றி, 3 தோல்வி வாங்கித் தந்தவர். 2019-ல் மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டபோது அவருக்கும் போட்டிருந்தால் வருஷத்துக்கு 3.2, 3.3 கோடிதான் அன்றைய மார்க்கெட். போடவில்லை. 'விலை இறங்கட்டும்' என்று காத்திருந்து வெங்காயம் வாங்கியவர்களுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2020-ல் 'டாக்' என்ற ஒரு வருஷத் தளையில் 3.14 கோடிக்கு நிறுத்தி வைத்தார்கள்.

அந்த அக்டோபர் 11-ம் தேதி, நியூயார்க் ஜயண்ட்ஸ் ஆட்டத்தில் அவர் வலது கணுக்கால் உடைந்து, திரும்பிக்கொண்டு, எலும்பு வெளியே தெரிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கையில் நீண்ட ஒப்பந்தம் கிடையாது. அடுத்த வருஷச் சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இத்தனை கோடி எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்த ஒரு நிமிஷத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடுகிறவன் விற்பது திறமையை மட்டும் இல்லை, கணுக்காலையும் சேர்த்துத்தான்.

அவர் இல்லாமல் டல்லஸ் அந்த சீசனை 6-10 என்று முடித்தது. அக்காவின் கேள்விக்கு அதுவே பதில். 2021 மார்ச்சில், உடைந்த கால் ஆறிக்கொண்டிருந்தபோதே, 4 வருஷத்துக்கு 16 கோடி கொடுத்தார்கள். கூடவே, அவர் சம்மதம் இல்லாமல் வேறு டீமுக்கு அனுப்ப முடியாது, மறுபடி அந்த ஒரு வருஷத் தளை போட முடியாது என்ற நிபந்தனைகள். காகிதத்தில் ஒட்டிய இரண்டு வெற்று வருஷங்கள் வேறு. 2024-ல் திரும்ப இழுத்தடித்தார்கள். அவர் போய்விட்டால் சுமார் 4 கோடி செத்த பணம், கையில் குவார்ட்டர்பேக்கும் இல்லை. சீட்டு முழுக்க அவர் கையில். முதல் ஆட்டத்தன்று காலையில், 24 கோடி!

3.2 கோடிக்குக் கிடைத்த சரக்கை 4-க்கு வாங்கி, பிறகு 6-க்கு வாங்கினார்கள். உச்சவரம்பும் ஏறியதே என்பீர்கள். ஏறியது, ஒப்புக்கொள்கிறேன். அது வருஷா வருஷம் ஏறும் என்று தெரிந்தவன் முதலில் அல்லவா முந்திக்கொண்டு கையெழுத்து வாங்க வேண்டும்? கான்ஸஸ் ஸிட்டி 2020-லேயே மஹோம்ஸை 10 வருஷத்துக்கு 45 கோடி என்று மடக்கியது. அன்றைக்கு 'அடேயப்பா!' என்று வாயைப் பிளந்தோம். வருஷத்துக்கு 4.5 கோடி. நாலே வருஷத்தில் பிரெஸ்காட்டின் விலைக்குப் பக்கத்தில் அது தள்ளுபடி விற்பனை மாதிரி தெரிந்தது.

டல்லஸ் இதிலிருந்து பாடம் கற்றிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த வருஷமே மைக்கா பார்ஸன்ஸ் என்ற தடுப்பாட்ட சூரரின் சம்பளப் பேச்சை இழு இழு என்று இழுத்து, 2025 ஆகஸ்ட் 28-ல் க்ரீன் பே டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு 4 வருஷத்துக்கு 18.8 கோடி. ஒரு மாதம் கழித்து அவர் டல்லஸுக்கே வந்து ஆடினார். யாருக்கு நியாயம் கிடைக்கும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டம் 40-40 என்று டிராவில் முடிந்தது!

* * *

ஆகவே தீர்ப்பு. அந்த ஆள் இல்லாத நாளில் டீம் படுத்துவிடுகிறதா என்று பார். படுத்துவிட்டால், கொடு. கொடுப்பதென்று தீர்மானித்தால் இன்றைக்கே கொடு. அடுத்த வருஷம் வேறொருவன் கையெழுத்துப் போட்டு உன் ஆளின் விலையை ஏற்றிவிடுவான். ஒரே ஒரு நல்ல சீசனைப் பார்த்து மயங்காதே. நியூயார்க் ஜயண்ட்ஸ் 2023 மார்ச்சில் டேனியல் ஜோன்ஸுக்கு 16 கோடி என்று எழுதிவிட்டு, 2024 நவம்பரில் வாசல் வரை கொண்டுபோய் விட்டது. மயங்கி எழுதிவிட்டால், ஃபிலடெல்ஃபியா மாதிரி நஷ்டத்தை ஒரே மூச்சில் விழுங்கு. தண்ணீர் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்காதே.

பிரெஸ்காட்டுக்குக் கொடுத்தது சரியா? சரிதான். ஐந்து வருஷம் முன்னால் கொடுத்திருந்தால் இன்னும் சரி. அந்த ஐந்து வருஷத் தாமதத்துக்கு உண்டான வட்டியைத்தான் அவர் தொடைத் தசை பேரில் எழுதி வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள் என் மச்சான் உட்பட.

இதில் யாருமே பேட்டி எடுக்காத ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த 140 கிலோ லைன்மேன்கள். பந்தைத் தொடுவது அபூர்வம், டி.வி.யில் முகம் தெரிவது அதைவிட அபூர்வம். 24 கோடி டாலர் தோள்பட்டை ஒழுங்காக வீடு போய்ச் சேருவது இவர்கள் முதுகில்தான். அதனால் அங்கே குவார்ட்டர்பேக்குகளிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் தங்கள் லைன்மேன்களுக்குச் சொந்தக் காசில் பரிசு வாங்கிக் கொடுப்பார்கள். கடிகாரம், பெட்டி, சில பேர் வண்டியே வாங்கித் தருவதுண்டு.

உச்சவரம்புக் கணக்கில் அது வராது. பக்கத்து நாற்காலிக்காரர் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும்.